நரிக்கு எந்தத் தோட்டா?

ஆடி பிறந்துவிட்டால் தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்துத் தமிழ் வீடுகளில் கஞ்சிப் பூசைப் பேச்சு தொடங்கிவிடும். 1860 முதல் கரும்புத் தோட்டங்களில் வேலைக்கு வந்தவர்கள் மாரியம்மனையும் கூடவே அழைத்து வந்தார்கள். இன்றைக்கும் பல வீடுகளில், கோயில்களில் அம்மனுக்குச் சேவலும் கிடாயும் நேர்ந்துவிடுகிறார்கள். அந்தச் சேவலையும் கிடாயையும் யாராவது வளர்த்துத்தானே கொடுக்க வேண்டும்? அப்படி வளர்ப்பவர்களில் ஒருவர் எனக்குப் பல வருடப் பழக்கம். வெருலத்தில் பிறந்தவர். மூய் ரிவர் என்ற ஊருக்கு மேற்கே, டிராக்கன்ஸ்பெர்க் மலை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், இறைச்சிக்கு வளர்க்கும் போயர் ஆடும் கொஞ்சம் செம்மறியும் வைத்திருக்கிறார். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்.

ஆடிக்கு அவர் பட்டியிலிருந்து கிடாய் இறங்கும் அதே நாட்களில்தான் நரியும் குட்டி போடுகிறது. தென்னாப்பிரிக்காவில் கருமுதுகு நரி பெரும்பாலும் ஜூலையிலிருந்து அக்டோபருக்குள் ஈனும். வளையில் நாலைந்து வாய் காத்திருக்கும்போது பெற்றது இரண்டும் மாறிமாறி இரை தேடி வெளியே வரும். இளங்குட்டி காணாமல் போவது அப்போதுதான் அதிகம். அப்போதுதான் அண்ணனிடமிருந்தும் அவரைப் போன்ற இன்னும் சிலரிடமிருந்தும் எனக்குப் போன் வரும்: "தம்பி, தூரத்துல நிக்கிற நரிக்கு எந்தத் தோட்டா வாங்கட்டும்?"

இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம்தான். ஆனால் அந்த இரண்டு வரியை நம்பிப் போனவர்கள் காயப்பட்ட நரியோடு திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், சுடப்போவது எதை? தமிழில் நமக்கு எல்லாமே நரிதான். இங்கே அப்படிச் சொல்லிவிட முடியாது. ஆட்டுக்குட்டியை அடிப்பது கருமுதுகு நரி. ஆஃப்ரிகான்ஸில் ரோய்யாக்கல்ஸ், சூலுவில் இம்புங்குஷே. எடை பெரும்பாலும் 6 முதல் 10 கிலோ. முதுகில் கறுப்பும் வெள்ளியும் கலந்த ஒரு போர்வை விரித்ததுபோல் இருக்கும். வறண்ட பகுதிகளில் கேப் நரி என்று இன்னொன்று உண்டு. அது மூன்று கிலோ அளவில் நிற்கும் சின்ன உயிர், எலியும் பூச்சியும்தான் முக்கிய உணவு. வௌவால்காது நரி கறையான் தின்பது. ஆர்ட்வுல்ஃப் என்ற பிடரிமயிர்ப் பிராணி ஒரே இரவில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கறையானை நக்கித் தின்றுவிடும். ஆட்டுக்குட்டியைக் கடிக்கும் அளவுக்கு அதற்குப் பல்லே கிடையாது. மலையடிவாரத்தில் செர்வல் என்ற புள்ளிப்பூனையும் இருக்கிறது, எலி பிடித்து விவசாயிக்கு உதவி செய்துகொண்டு. ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் இவை எல்லாமே இரண்டு மின்னும் கண்கள்தான். கண்ணை மட்டும் பார்த்துச் சுடுகிறவர் கையில் எந்தத் தோட்டா இருந்தாலும் அது தப்பான தோட்டாதான்.

அடித்தது நரிதானா என்பதையும் பார்க்க வேண்டும். நரி பெரும்பாலும் தொண்டையைக் கவ்வும், பிறகு விலாவுக்குப் பின்னால் வயிற்றோரம் திறந்து தின்னும். கண்டபடி பின்தொடையிலும் காதிலும் கடித்து ஐந்தாறு ஆடுகளைக் குதறிவிட்டுத் தின்னாமல் போயிருந்தால் ஊர்நாயைச் சந்தேகப்படுங்கள். கழுத்தோடு தோளிலும் நகக்கீறல் இருந்தால் காரகல் பூனையாக இருக்கலாம். தோலை உரித்துப் பார்த்தால் பல்தடமும் ரத்தக்கட்டும் தெளிவாகத் தெரியும். பத்து நிமிட வேலை. அண்ணன் பட்டியில் ஒரு வருடம் நரி மேல் போட்ட பழி, உரித்துப் பார்த்தபோது நாய் மேல் போய் விழுந்தது.

சரி, தோட்டாவுக்கு வருவோம். தோட்டா என்றால் முழுப் பொருள்: பித்தளை உறை, அடியில் தீப்பொறி தரும் கேப், உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு. கடையில் நாம் கேட்பது பெரும்பாலும் உறையின் பெயரைத்தான். .223, .243 என்று. ஆனால் நரியிடம் போய்ச் சேர்வது குண்டு ஒன்றுதான். அதன் எடை, வடிவம், உள்கட்டு இந்த மூன்றும் உறையின் பெயரைவிட முக்கியம். நான் சொல்ல வருவதில் பாதி இதுதான்.

குண்டின் எடையைப் பெட்டியில் கிரெய்ன் கணக்கில் போட்டிருப்பார்கள். 55 கிரெய்ன் என்றால் சுமார் மூன்றரை கிராம். அரைச் சவரன் தங்கத்துக்கும் குறைவு. இந்தச் சின்னப் பொருள் .223 குழலை விட்டுக் கிளம்பும்போது நொடிக்கு ஏறக்குறைய 990 மீட்டர் வேகம். பத்துக் கிலோ நரிக்கு இந்த விசை தாராளம். அப்படியானால் பிரச்சினை எங்கே?

தூரத்தில். அதுவும் இரண்டு விதமாக. ஒன்று குண்டு கீழே இறங்குவது, இன்னொன்று காற்று அதைத் தள்ளுவது. எல்லாரும் முதலாவதைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்குக் கவலை இரண்டாவதுதான்.

இறக்கத்தைக் கணக்குப் போட்டு அடக்கிவிடலாம். .223இல் 55 கிரெய்ன் குண்டை 100 மீட்டரில் ஸீரோ செய்திருந்தால், அதாவது அந்தத் தூரத்தில் குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி துப்பாக்கி மேலுள்ள ஸ்கோப் என்ற தொலைநோக்கியைச் சரிசெய்திருந்தால், 200 மீட்டரில் குறியிலிருந்து ஏறக்குறைய 10 செ.மீ. இறங்கியிருக்கும். 300 மீட்டரில் ஏறக்குறைய 40 செ.மீ. அதே துப்பாக்கியை 200 மீட்டரில் ஸீரோ செய்தால் 100இல் 5 செ.மீ. மேலே, 200இல் நேராக, 300இல் இருபது செ.மீ.க்குச் சற்று மேல் கீழே. நரியின் நெஞ்சில் உயிர்நிலை இருக்கும் வட்டம் ஒரு சின்னப் பால்சோற்றுக் கிண்ணம் அளவு, 10 அல்லது 12 செ.மீ. குறுக்களவு. அதனால் 200 மீட்டர் ஸீரோவில், 200ஐ ஒட்டிய தூரம்வரை நெஞ்சின் நடுவில் குறி வைத்தால் குண்டு அந்தக் கிண்ணத்துக்குள்ளேயே விழும். அதற்கு மேல் தூரம் தெரிய வேண்டும். இப்போது தூரமானியை ஒரு பட்டன் அழுத்தினால் தூரம் தெரிந்துவிடுகிறது. இறங்கும் அளவு ஒவ்வொரு தடவையும் ஒன்றேதான், புவியீர்ப்பு நாளுக்கு நாள் மாறாது.

காற்று நிமிடத்துக்கு நிமிடம் மாறும். கன்னத்தில் லேசாகத் தட்டுகிற காற்று, இலை சலசலக்கும் அளவு, மணிக்கு 8 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அது பக்கவாட்டில் வீசினால் அந்த 55 கிரெய்ன் குண்டு 100 மீட்டரில் ஒன்றரை செ.மீ. ஒதுங்கும். கவலையே வேண்டாம். 200 மீட்டரில் 7 செ.மீ. கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டுகிறது. 300 மீட்டரில் 16 செ.மீ. நெஞ்சில் வைத்த குறி வயிற்றுக்குப் போய்விட்டது. குடலில் குண்டு வாங்கிய நரி ஓடும். வளைக்குள் போய், ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்துச் சாகும். ஆட்டுக்காக என்று நாம் கிளம்பியது இதற்காக இல்லை.

தூரம் மூன்று மடங்கு ஆனால் ஒதுங்கல் பத்து மடங்கு ஆகிறது. கவனித்தீர்களா? குண்டு போகப்போக வேகம் குறைகிறது, காற்றில் இருக்கும் நேரம் கூடுகிறது, அதனால் கடைசி நூறு மீட்டரில்தான் பெரும் சேதம்.

இங்கேதான் பலர் ஒரு தவறான முடிவுக்கு வருகிறார்கள். ".223 பத்தவில்லை, .22-250 வாங்குகிறேன்" என்று. .22-250 நல்ல தோட்டாதான். 1965இல் தொழிற்சாலைத் தோட்டாவாக வந்ததிலிருந்து நரி வேட்டைக்காரர்களின் செல்லப்பிள்ளை. அதே 55 கிரெய்ன் குண்டை நொடிக்கு 1,100 மீட்டருக்கு மேல் வேகத்தில் அனுப்பும். ஆனால் அந்தக் கூடுதல் மருந்தும், கூடுதல் சத்தமும், சீக்கிரம் தேயும் குழலும் சேர்ந்து 300 மீட்டரில் அந்த மெல்லிய காற்றில் நமக்குச் சம்பாதித்துக் கொடுப்பது இரண்டு மூன்று செ.மீ.தான். 16 என்பது 14 ஆகும். இறக்கம் குறையும், அது உண்மையான லாபம். காற்றுக்கு அது மருந்தில்லை.

காற்றுக்கு மருந்து குண்டின் வடிவம். நீளமாக, கூர்மையாக, பின்பக்கம் படகுபோல் ஒடுங்கி, அகலத்துக்கு எடை அதிகமாக உள்ள குண்டு காற்றை எளிதாகக் கிழிக்கும். வேகத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். .243இல் 87 கிரெய்ன் குண்டு, .223இன் 55 கிரெய்ன் கிளம்பும் அதே வேகத்தில்தான் கிளம்புகிறது. ஆனால் அதே காற்றில் 300 மீட்டரில் சுமார் 10 செ.மீ.தான் ஒதுங்கும். இன்னும் ஆச்சரியம், .223லேயே 75 கிரெய்ன் நீளக் குண்டு போட்டால் வேகம் நொடிக்கு 850 மீட்டராகக் குறைந்துவிடும், ஆனாலும் ஒதுங்கல் 12 செ.மீ. பக்கம்தான் நிற்கும். மெதுவாகக் கிளம்பியது வேகமாகக் கிளம்பியதைக் காற்றில் ஜெயிக்கிறது. இதை முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது நானே மூன்று தடவை சரிபார்த்தேன்.

அப்போ எல்லாரும் 75 கிரெய்ன் வாங்கிவிடலாமே? அங்கேதான் அடுத்த சிக்கல். நாலு வருடத்துக்கு முன்னால் அண்ணன் அதைத்தான் செய்தார். ஒரு கடையில் "தூரத்துக்கு இதுதான் சரக்கு" என்று சொல்லிக் கொடுத்தார்கள். உங்கள் துப்பாக்கி என்ன என்று கேட்கவில்லை. அண்ணனுடையது பழைய .223. நூறு மீட்டரில் அட்டை வைத்து ஐந்து போட்டோம். அட்டையில் மூன்று ஓட்டைதான் இருந்தது. அந்த மூன்றில் ஒன்று வட்டமாகவே இல்லை. கிட்டப் போய்ப் பார்த்தேன். குண்டு படுத்துக்கொண்டு போயிருக்கிறது. அதன் முழு நீளமும் பக்கவாட்டில் அச்சடித்ததுபோல் அட்டையில் கிழிந்திருந்தது, ஓரத்தில் கரித்தடம். சாவித்துவாரம் மாதிரி.

காரணம் குழலின் முறுக்கு. குழலுக்குள் திருகுவரிகள் இருக்கும், குண்டைச் சுழற்றிவிட. பம்பரம் வேகமாகச் சுற்றினால்தான் நிமிர்ந்து நிற்கும், வேகம் போதாவிட்டால் தள்ளாடும். நீளமான குண்டுக்கு அதிகச் சுழற்சி வேண்டும். அண்ணனின் குழல் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 55 கிரெய்னுக்கு அது போதும். 75க்கு 8 அல்லது 9 அங்குலத்துக்கு ஒரு சுற்றாவது வேண்டும். .22-250 துப்பாக்கிகள் பலவற்றில் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பதால் அவற்றிலும் கனக் குண்டு தள்ளாடும். தோட்டா வாங்கும் முன் துப்பாக்கியின் முறுக்கு என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். பல குழல்களில் பொறித்தே இருக்கும். இல்லையென்றால் துடைக்கும் கம்பியில் இறுக்கமாகத் துணி சுற்றிக் குழலுக்குள் தள்ளி, கம்பி ஒரு முழுச் சுற்று சுற்ற எத்தனை அங்குலம் போகிறது என்று அளந்துவிடலாம். அதற்கு முன் துப்பாக்கி காலியா என்று இரண்டு தடவை பாருங்கள்.

அடுத்தது உள்கட்டு. ஒரே எடை, ஒரே வேகம், ஆனாலும் குண்டு உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்பது அதன் கட்டுமானத்தைப் பொறுத்தது. முழுவதும் செம்பு உறை மூடிய ராணுவவகைக் குண்டு மலிவாகக் கிடைக்கும், பெட்டி பெட்டியாக. நரிக்கு அதை வாங்காதீர்கள். ஊசி நூல் கோப்பதுபோல் துளைத்துப் போய்விடும். நரி நிற்காது. குண்டும் நிற்காது. மறுபக்கம் வெளியே வந்து, கல்லில் பட்டுத் திசைமாறி எங்கு வேண்டுமானாலும் போகும். மூய் ரிவர் பக்கத்து மண்ணில் கல் எவ்வளவு என்று அங்கே உழுதவர்களைக் கேளுங்கள்.

நரிக்கென்று செய்த குண்டுகள் மெல்லிய உறையோடு, முனையில் பிளாஸ்டிக் கூர் அல்லது திறந்த ஈயத்தோடு வரும். பட்ட உடனே விரிந்து, உள்ளேயே சிதறி, விசையை முழுக்க அங்கேயே இறக்கிவிடும். நரி நின்ற இடத்திலேயே விழும். தவறி மண்ணில் பட்டாலும் பெரும்பாலும் சுக்குநூறாகிவிடும். பண்ணை நிலத்தில், சுற்றிலும் ஆடும் மனிதர்களும் இருக்கும் இடத்தில், இது பெரிய குணம். சிதறும் குண்டு எதிலும் பட்டுத் தெறிக்காது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். தட்டையான கோணத்தில், தண்ணீரிலோ பாறையிலோ பட்டால் எந்தக் குண்டும் தெறிக்கலாம். குறிசுடும் போட்டிக்கென்று செய்யும் நீளக் குண்டுகள் காற்றில் அருமை, ஆனால் அட்டையில் ஓட்டை போடுவதற்காகச் செய்தவை. உடம்பில் விரியும் என்று நம்ப முடியாது. அதனால்தான் முறுக்கு சரியாக இருந்தாலும் 75 கிரெய்ன் போட்டிக் குண்டை நரிக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

.22 ரிம்ஃபயர் என்ற சின்னத் துப்பாக்கி பற்றியும் ஒரு வார்த்தை. அநேகமாக எல்லாப் பண்ணையிலும் ஒன்று இருக்கும், தோட்டாவும் மலிவு. 40 கிரெய்ன் குண்டு, ஒலியின் வேகத்தை ஒட்டிய வேகம். கோழிக்கூண்டு ஓரம் ஐம்பது மீட்டரில் நல்ல சுடுநர் கையில் சரி. அதற்கு மேல் நரிக்குப் போதாது. ஆனால் தவறினால் ஒன்றரை மைல்வரை பறக்கக்கூடியது, அதுவும் சிதறாத மெத்தென்ற ஈயம். சின்னத் துப்பாக்கிதானே என்று இதைக் கையாளும் அலட்சியம் எனக்குப் பயம் தருகிறது.

அந்தப் பக்கம் .308, .303 என்று மானுக்கு வைத்திருப்பதையே நரிக்கும் எடுப்பவர்கள் உண்டு. வேறு துப்பாக்கி இல்லாவிட்டால் புரிகிறது. ஆனால் மானுக்கான கனக் குண்டு பத்துக் கிலோ உடம்பில் விரிய நேரமே இல்லாமல் வெளியே போய்விடும், பின்னால் இருப்பதற்கு ஆபத்து. உதை அதிகம் என்பதால் சுட்ட நொடியில் நரி ஸ்கோப்பிலிருந்து மறைந்துவிடும், எங்கே பட்டது என்று பார்க்க முடியாது. .223இன் மெல்லிய உதையில் குண்டு படுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இரவில் இது எவ்வளவு பெரிய உதவி என்று ஒரு தடவை அனுபவித்தால் தெரியும்.

ஆகவே, அண்ணனைப் போன்றவர்களுக்கு நான் சொல்வது: பண்ணையில் 200 மீட்டருக்குள் சுட வாய்க்கும் என்றால் .223, 50 முதல் 55 கிரெய்ன், கூர்முனைச் சிதறும் குண்டு. திறந்த மேய்ச்சல் நிலம், நரி 250க்கு உள்ளே வருவதே இல்லை என்றால் .243, 75 முதல் 87 கிரெய்ன் வரை நரிக்கென்றே செய்த குண்டு. .243 1955லிருந்து இருக்கிறது, இந்த நாட்டில் எந்த ஊர்க் கடையிலும் தோட்டா கிடைக்கும், சின்ன மான்களுக்கும் ஆகும். 300க்கு மேல்? பகலில், காற்றில்லாமல், துப்பாக்கியைத் தாங்கலில் வைத்து, பலகாலம் பழகியவர் என்றால் தவிர வேண்டாம்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? பரிதாபம் ஒரு காரணம். இன்னொரு காரணம், நரி கற்றுக்கொள்கிறது. முயல் அலறுவதுபோல் கருவியில் சத்தம் போட்டுக் கூப்பிட்டு, வந்த நரியைத் தூரத்திலிருந்து சுட்டுத் தவறவிட்டால் அது மறுபடி அந்தச் சத்தத்துக்கு வராது. விளக்கைப் பார்த்தாலே திரும்பிக்கொள்ளும். கருமுதுகு நரி ஜோடியாக வாழ்வது, எல்லை காப்பது. பட்ட அனுபவத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் விலங்கு. தவறிய ஒரு குண்டு அடுத்த பல மாதத்துக்கு உங்கள் பட்டியைச் சுற்றி ஒரு படித்த நரியை உருவாக்கிவிடும்.

கண்டபடி சுட்டுக் குறைக்கவும் முடியாது. கேப் குடியேற்றத்தில் 1656லேயே கால்நடையை அடிக்கும் விலங்குகளின் தலைக்குப் பரிசு அறிவித்தார்கள். மூன்றரை நூற்றாண்டாகியும் நரி இருக்கிறது. எல்லை காத்துவந்த மூத்த ஜோடியைக் கொன்றுவிட்டால் காலியான இடத்துக்கு அலைந்து திரியும் இளநரிகள் வருகின்றன. 2018இல் இந்த நாட்டில் காட்டு விலங்குகள் கால்நடையை அடிப்பது பற்றி வந்த பெரிய அறிவியல் மதிப்பீடும், கொல்வதை மட்டும் நம்பிய நிர்வாகத்துக்கு நல்ல பலன் கிடைத்ததற்கான ஆதாரம் குறைவு என்றே பார்க்கிறது. "நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் இருந்தால் சரி" என்று நம் ஊரில் சொல்வார்கள். ஆட்டைத் தொடாத ஜோடி எல்லை காத்துக்கொண்டிருந்தால் அதை விட்டுவைப்பது லாபம். ஆட்டை அடிக்கப் பழகிய நரி எதுவோ அதை, ஒரே குண்டில். ஈனும் காலத்தில் ஆடுகளை இரவில் பட்டிக்குள் அடைப்பதும், காவல்நாய் வளர்ப்பதும், வேலிக்கு அடியில் தோண்டிய பொந்தை அடைப்பதும் தோட்டாவுக்கு முன்னால் செய்ய வேண்டியவை. அண்ணன் ஒரு அனத்தோலிய நாய் வாங்கிய பிறகு துப்பாக்கியை எடுத்த ராத்திரிகள் பாதியாகக் குறைந்தன.

இனி, வாங்கிய பிறகு செய்ய வேண்டியவை. டர்பன் கடலோரத்தில் ஸீரோ செய்த துப்பாக்கியை அப்படியே மலையடிவாரத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் பலர். 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. இறக்கமும் ஒதுங்கலும் கொஞ்சம் குறையும். 200 மீட்டர்வரை இது பெரிய விஷயமில்லை. ஆனால் பிக்கப்பில் மூன்று மணி நேரம் குலுங்கிய ஸ்கோப் விஷயம்தான். சுடப்போகும் இடத்தில், சுடப்போகும் பெட்டியிலிருந்தே, போய்ச் சேர்ந்த மாலையில் மூன்று தோட்டா செலவழியுங்கள். தோட்டாப் பெட்டியில் தயாரிப்புத் தொகுதி எண் இருக்கும். ஒரே எண்ணில் நாலைந்து பெட்டி சேர்த்து வாங்கிக்கொள்வது நல்லது, தொகுதி மாறினால் குண்டு விழும் இடமும் மாறலாம். சைலன்சர் மாட்டினாலும் கழற்றினாலும் மாறும்.

குளிர்கால ராத்திரியில் இன்னொன்றும் நடக்கும். பகலில் மலையிலிருந்து சூடான பெர்க் காற்று சரசரவென்று இறங்கும். மாலையில் அது நின்றுவிடும், எல்லாம் அசைவற்றதுபோல் தெரியும். ஆனால் குளிர்ந்த காற்று கனமானது, சரிவு வழியே மெதுவாகப் பள்ளத்தாக்குக்குள் வழிந்துகொண்டே இருக்கும். நீங்கள் மேட்டில் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் கன்னத்தில் ஒன்றும் படாது, நரி நிற்கும் பள்ளத்தில் புல் சாய்ந்திருக்கும். விளக்கு வெளிச்சத்தில் அந்தப் புல்லைப் பாருங்கள். அண்ணனிடம் வேலை செய்யும் சூலுப் பெரியவர் ஒருவர், நாங்கள் எல்லாரும் பாபா என்று கூப்பிடுவோம், வேலிக் கம்பங்களில் ஆட்டு ரோமக் கொத்தைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். 100, 150, 200 மீட்டர்க் கம்பங்களில். ஒரு பார்வையில் தூரமும் தெரியும், காற்றும் தெரியும். எந்தக் கருவியும் எனக்கு இதைவிடச் சுலபமாகச் சொன்னதில்லை.

குண்டுக்குப் பின்னால் மண்மேடு இருக்க வேண்டும். வானத்து விளிம்பில் நிற்கும் நரியைச் சுடவே கூடாது, அது பத்து மீட்டரில் நின்றாலும். அந்த மேட்டுக்கு அப்பால் யார் வீடு, யார் மாடு என்று யாருக்குத் தெரியும்?

சட்டத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2000ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி முதலில் தகுதிச் சான்றிதழ், பிறகு ஒவ்வொரு துப்பாக்கிக்கும் உரிமம். உரிமம் உள்ள துப்பாக்கிக்கு உரிய தோட்டாவைத்தான் வைத்திருக்கலாம். சாதாரண உரிமத்தில் ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டா வரம்பு. பூட்டிய பெட்டகம் கட்டாயம். சேதம் செய்யும் விலங்குகளைக் கையாளும் விதிகள் மாகாணத்துக்கு மாகாணம் வேறு, நம் பக்கம் எசெம்வெலோ என்ற மாகாண வனவிலங்கு அலுவலகத்தில் முதலில் கேட்டுவிடுங்கள். பக்கத்துப் பண்ணைக்காரரிடமும் இன்றைக்கு ராத்திரி சுடப்போகிறேன் என்று ஒரு போன். அவர் வேலையாட்கள் ராத்திரி எந்த வழியாக நடந்து வீடு திரும்புவார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும்.

கடைசியாக ஒன்று. எனக்கு இதுதான் மனதில் அதிகம் உறுத்துகிறது. சுட்ட நரியைப் பலர் அப்படியே கிடக்க விட்டுவிடுகிறார்கள். டிராக்கன்ஸ்பெர்க் மலையில் தாடிப் பிணந்தின்னிக் கழுகும் கேப் பிணந்தின்னிக் கழுகும் இருக்கின்றன. இரண்டுக்கும் கிடைப்பது செத்த உடல்தான். நான் மேலே புகழ்ந்த சிதறும் குண்டு ஈயத்தால் ஆனது. மண்ணில் சிதறினால் நல்லது என்றேன். உடம்பில் சிதறினால் கண்ணுக்குத் தெரியாத ஈயத்தூள் இறைச்சி முழுக்கப் பரவும். கழுகு அதைத் தின்னும். வயிற்று அமிலம் மிகக் கடுமையான பறவை அது, ஈயத்தைக் கரைத்து ரத்தத்தில் ஏற்றிவிடும். தென்னாப்பிரிக்கக் கழுகுகளின் ரத்தத்திலும் எலும்பிலும் ஈயம் இருப்பதை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். விஷம் வைக்கிறவர்களை நாம் திட்டுகிறோம், டூ-ஸ்டெப் என்று தெருவில் விற்கும் ஆல்டிகார்ப் என்ற பூச்சிக்கொல்லியை இறைச்சியில் தடவி வைத்து ஒரே நாளில் கழுகுக் கூட்டத்தையே கொல்கிறார்கள் என்று. திட்ட வேண்டியதுதான். நம் குண்டும் மெதுவாக அதையே செய்யக்கூடாது.

அதனால் சுட்டதை எடுத்து ஆழமாகப் புதையுங்கள். அல்லது ஈயமே இல்லாத செம்புக் குண்டுக்கு மாறுங்கள். இந்த நாட்டிலேயே செய்கிறார்கள். விலை அதிகம். செம்பு ஈயத்தைவிட லேசு, அதே எடைக்குக் குண்டு நீளமாகும். திரும்பவும் முறுக்குக் கணக்கு வந்துவிடும், லேசான எடையாகப் பார்த்து எடுக்க வேண்டும். சிதறாமல் ஒரே துண்டாக விரிந்து மறுபக்கம் போகும், எனவே பின்னால் மண்மேடு இன்னும் கட்டாயம்.

அண்ணன் .243 வாங்கி இரண்டு வருடமாகிறது. 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று முறுக்கு. இப்போது செம்பில் 80 கிரெய்ன் ஒரு பெட்டி வாங்கி வைத்திருக்கிறார். வருகிற சனிக்கிழமை பாபாவின் ரோமக்கொத்துக் கம்பங்களுக்கு நடுவே அட்டை வைத்துப் பார்க்கப் போகிறோம். ஓட்டை வட்டமாக வருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.